கடலோரத்தில் தண்ணீருக்குக் காத்திருந்த அணு உலை

தி.நகரில் ஹாஸ்டலிலோ பி.ஜி.யிலோ தங்கிப் படிக்கிறவர்களுக்கு 20 லிட்டர் தண்ணீர் கேனை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இரண்டாவது மாடி வரைக்கும் தூக்கிக்கொண்டு போனால் அதன் கனம் தோளுக்கே தெரியும். அந்தக் கனத்தில் சுமார் மூன்றரை கிராம் மட்டும் கொஞ்சம் வேற மாதிரி. கேன் கம்பெனிக்காரர் சேர்த்ததல்ல, ஆர்.ஓ. மெஷின் போட்டு எடுக்கவும் முடியாது. அதற்குப் பெயர் கனநீர். கேனில் மட்டுமல்ல, மெட்ரோ வாட்டரில், உஸ்மான் ரோட்டில் ஹாரன் அடித்துக்கொண்டு போகும் டேங்கர் லாரியில், மெரினா அலையில், உங்க ரத்தத்தில்கூட இருக்கு. 12,000 லிட்டர் லாரி ஒன்றுக்குக் கணக்குப் போட்டால் இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே வரும்.

இந்த லாரிக்கு இரண்டு கிலோ சமாச்சாரம் போதுமான அளவு கையில் இல்லாததால், இங்கிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தெற்கே, கல்பாக்கத்தில் கட்டி முடித்த ஓர் அணு உலை சும்மா நின்றது. சென்னை அணுமின் நிலையத்தின் முதல் யூனிட்டைக் கட்டும் வேலை 1981ல் முடிந்துவிட்டது. கட்டடம் தயார், டர்பைன் தயார், எதிரே வங்காள விரிகுடா முழுக்கத் தண்ணீர். ஆனால் உலைக்கு வேண்டிய தண்ணீர் மட்டும் இல்லை. அந்த உலையில் முதல் தொடர்வினை தொடங்கியது 1983 ஜூலை 2ஆம் தேதி. முழு அளவில் மின்சாரம் தர ஆரம்பித்தது 1984 ஜனவரியில்.

2019 கோடையில் லாரி புக் பண்ணிவிட்டு நாள்கணக்கில் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த சென்னைக்காரர்களுக்கு இந்தக் கதை சட்டென்று புரியும். ஆனால் அந்த உலை எதற்காக இப்படி ஒரு விசேஷத் தண்ணீரைக் கேட்டது? சாதாரணத் தண்ணீரை ஊற்றினால் என்ன ஆகியிருக்கும்? இருக்கிற தண்ணீரிலேயே இருக்கும் பொருளைப் பிரித்தெடுப்பது ஏன் அவ்வளவு பெரிய பாடு? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒரு நியூட்ரான் கூடினால்

ஹைட்ரஜன் அணுவின் கருவில் ஒரே ஒரு புரோட்டான். இது பத்தாம் வகுப்புப் பாடம். ஆனால் இயற்கையில் ஏறத்தாழ 6,400 ஹைட்ரஜன் அணுக்களில் ஒன்றுக்கு, புரோட்டானோடு ஒரு நியூட்ரானும் ஒட்டிக்கொண்டிருக்கும். அதுதான் டியூட்டீரியம். வேதியியலில் இரண்டும் ஒன்றுபோலத்தான் நடந்துகொள்ளும். நிறையில் மட்டும் ஏறத்தாழ இரட்டிப்பு. கனமான தனிமங்களில் ஐசோடோப்புக்கு ஐசோடோப்பு நிறை வித்தியாசம் ஒன்று இரண்டு சதவீதம்தான் இருக்கும். யுரேனியம் 235க்கும் 238க்கும் அவ்வளவுதான். இங்கே நூறு சதவீதம்! அதனால்தான் இதற்குத் தனிப்பெயர், தனிக்குறி எல்லாம் கிடைத்தது.

அமெரிக்க வேதியியலாளர் ஹெரால்ட் யூரே 1931ன் கடைசியில் இதைக் கண்டுபிடித்தார். திரவ ஹைட்ரஜனை மெதுவாக ஆவியாகவிட்டு, கடைசியில் மிஞ்சியதை நிறமாலையில் பார்த்தார். கனமான அணு பின்தங்கும் என்பது அவர் கணக்கு. அது சரியாக இருந்தது. 1934ல் நோபல் பரிசு. சுவாரசியம் என்னவென்றால், யூரேயின் கட்டுரை வெளியானபோது நியூட்ரான் என்ற துகளே இன்னும் அறிவிக்கப்படவில்லை. அடுத்த மாதம்தான் சாட்விக் அதை அறிவித்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலேயே டியூட்டீரியத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடுகிறேன். கேனில் மூன்றரை கிராம் கனநீர் என்று சொன்னேனே, அது தனியாகக் கீழே படிந்து கிடப்பதில்லை. டியூட்டீரியம் பெரும்பாலும் ஒரு சாதாரண ஹைட்ரஜனோடு ஜோடி சேர்ந்துதான் இருக்கும். இரண்டு பக்கமும் டியூட்டீரியமே உள்ள மூலக்கூறு ஏறத்தாழ நான்கு கோடியில் ஒன்றுதான். எல்லா டியூட்டீரியத்தையும் திரட்டி ஒன்றாக்கினால் மூன்றரை கிராம் கனநீர் வரும் என்பதுதான் கணக்கு.

அப்படித் திரட்டிய கனநீர் பார்க்கச் சாதாரணத் தண்ணீர்தான். 11 சதவீதம் அதிக அடர்த்தி. உறைவது 3.8 டிகிரி செல்சியஸில், கொதிப்பது 101.4 டிகிரியில். கனநீர் ஐஸ் கட்டியைச் சாதாரணத் தண்ணீரில் போட்டால் மிதக்காது, மூழ்கும். கதிரியக்கம் கிடையாது, ஒரு வாய் குடித்தால் ஒன்றும் ஆகாது. லேசாக இனிக்கும் என்று 2021ல் ஓர் ஆய்வுக்குழு சோதித்துச் சொன்னது. ஆனால் உடம்பில் உள்ள தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு கனநீராக மாறிவிட்டால் எலிகள் பிழைப்பதில்லை. செல்களின் பிரிதல் நின்றுவிடுகிறது.

கோலிக்குண்டு கணக்கு

இப்போது உலைக்குள் போவோம். யுரேனியம் 235 உடையும்போது சராசரியாக இரண்டரை நியூட்ரான் வெளியே வரும். அவற்றில் ஒன்றாவது இன்னொரு யுரேனியம் 235ஐ உடைத்தால்தான் தொடர்வினை ஓடும். சிக்கல் வேகத்தில் இருக்கு. பிறக்கும்போது நியூட்ரானின் வேகம் நொடிக்கு சுமார் 20,000 கிலோமீட்டர். அந்த வேகத்தில் அது பெரும்பாலும் யுரேனியத்தைக் கண்டுகொள்ளாமல் போய்விடும். நொடிக்கு 2 கிலோமீட்டர் அளவுக்கு வேகம் குறைந்தால், யுரேனியம் 235ஐ உடைக்கும் வாய்ப்பு நூற்றுக்கணக்கான மடங்கு கூடுகிறது. வேகத்தைக் குறைக்கும் பொருளுக்குத் தணிப்பான் என்று பாடப்புத்தகத்தில் பெயர்; நம்ம வகுப்பில் எல்லாரும் சொல்வது மாடரேட்டர்.

எப்படிக் குறைப்பது? மோதவிட்டுத்தான். கோலி விளையாடியிருந்தால் இது தெரியும். ஒரு கோலியால் சுவரை அடித்தால் அதே வேகத்தில் திரும்பி வரும். அதே அளவு இன்னொரு கோலியை நேராக அடித்தால், அடித்த கோலி அங்கேயே நின்றுவிடும், அடிபட்டது ஓடும். நியூட்ரானுக்குச் சம அளவு கோலி, சாதாரண ஹைட்ரஜனின் கரு. சுமார் 18 மோதலில் வேகம் அடங்கிவிடும். டியூட்டீரியம் என்றால் சுமார் 25 மோதல் வேண்டும். கார்பன் என்றால் நூற்றுக்கு மேல்.

அப்போ சாதாரணத் தண்ணீர்தானே ஜெயிக்கிறது? இங்கேதான் திருப்பம். சாதாரண ஹைட்ரஜன் நியூட்ரானைத் தடுப்பதோடு நிற்பதில்லை, அவ்வப்போது விழுங்கியும் விடுகிறது. விழுங்கினால் அதுவே டியூட்டீரியம் ஆகிவிடும். டியூட்டீரியமோ ஏற்கெனவே ஒரு நியூட்ரானைச் சாப்பிட்டு உட்கார்ந்திருக்கும் ஆள். ஃபுல் மீல்ஸ் முடித்தவரிடம் இன்னொரு இலை போட்டால் என்ன சொல்வார்? அதே கதை. நியூட்ரானை விழுங்கும் வாய்ப்பு டியூட்டீரியத்துக்கு 600 மடங்குக்கும் மேல் குறைவு. ஏழு மோதல் கூடுதலாக ஆனாலும் பரவாயில்லை, நியூட்ரான் உயிரோடு இருக்கிறது.

இந்தச் சிக்கனம் எதற்கு என்றால், மண்ணிலிருந்து எடுக்கும் யுரேனியத்தில் 235 இருப்பது வெறும் 0.7 சதவீதம். மீதி எல்லாம் 238. இந்த இயற்கை யுரேனியத்தைச் சாதாரணத் தண்ணீரில் எவ்வளவு போட்டாலும் தொடர்வினை ஓடவே ஓடாது. தண்ணீரே நியூட்ரான்களை விழுங்கிவிடும். ஆக, தண்ணீரை மாடரேட்டராக வைத்தால் வழி இரண்டுதான். ஒன்று, யுரேனியத்தைச் செறிவூட்டி 235ஐ மூன்று நான்கு சதவீதமாக உயர்த்தி, சாதாரணத் தண்ணீரைப் பயன்படுத்துவது. இன்னொன்று, யுரேனியத்தை அப்படியே வைத்துக்கொண்டு தண்ணீரைச் செறிவூட்டுவது. ஐசோடோப்பைப் பிரிக்கும் வேலையை ஏதோ ஒரு பக்கம் செய்தே ஆகணும். யாருக்கும் ஓசியில் கிடைக்காது.

தமிழ்நாட்டில் இரண்டு வகையும் இருக்கு. கூடங்குளம் முதல் வகை: ரஷ்ய வடிவமைப்பு, ரஷ்யாவிலிருந்து வரும் செறிவூட்டிய யுரேனியம், சாதாரணத் தண்ணீர். கல்பாக்கத்தின் இரண்டு யூனிட்டுகளும் இரண்டாம் வகை: இயற்கை யுரேனியம், கனநீர்.

ஹோமி பாபாவும் அவருக்குப் பின் வந்தவர்களும் இரண்டாம் வழியைத் தேர்ந்தெடுத்த காரணம் எளிமையானது. யுரேனியம் செறிவூட்டும் தொழில்நுட்பம் அன்றைக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய நாடுகளிடம்தான் இருந்தது. அவர்களை நம்பி உலை கட்டினால், எரிபொருளுக்கு எப்போதும் அவர்கள் வாசலில் நிற்க வேண்டும். கனநீர் என்பது ஒரு கெமிக்கல் இன்ஜினியரிங் வேலை. நாமே செய்துகொள்ளலாம் என்று நினைத்தார்கள். நினைத்தது தப்பில்லை என்பது என் கருத்து. எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதில்தான் கணக்கு இடித்தது.

உலைக்குள் இருப்பது

கல்பாக்கம் வகை உலையின் மையம் கலான்ட்ரியா என்ற பெரிய உருளைத் தொட்டி. படுக்கவைத்த டிரம் மாதிரி கற்பனை பண்ணிக்கொள்ளுங்க. அதன் குறுக்கே 306 குழாய்கள் படுத்தவாக்கில் போகும். ஒவ்வொரு குழாயிலும் அரை மீட்டர் நீளமுள்ள 12 எரிபொருள் கட்டுகள் வரிசையாக இருக்கும். ஆக மொத்தம் 3,672 கட்டுகள். குழாய்களைச் சுற்றித் தொட்டியில் நிற்கும் கனநீர்தான் மாடரேட்டர். அது அதிகம் சூடாகாமல் பார்த்துக்கொள்வார்கள். குழாய்களுக்குள் எரிபொருளைத் தொட்டுக்கொண்டு அதிக அழுத்தத்தில் ஓடும் கனநீர் வேறு சுற்று. அது 290 டிகிரி அளவுக்குச் சூடாகி, அந்த வெப்பத்தை ஒரு நீராவி ஜெனரேட்டரில் சாதாரணத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பும். டர்பைனைச் சுற்றும் நீராவி நம்ம சாதாரணத் தண்ணீர்தான். கனநீரை நீராவியாக்கி வெளியே விட எவனுக்கும் மனசு வராது!

இந்த வடிவமைப்பில் எனக்குப் பிடித்த அம்சம் ஒன்று உண்டு. கல்பாக்கம் உலைகளில் அவசரமாகத் தொடர்வினையை நிறுத்த வேண்டும் என்றால், தொட்டியில் உள்ள கனநீரைக் கீழே இருக்கும் இன்னொரு தொட்டிக்கு இறக்கிவிடும் ஏற்பாடு இருந்தது. மாடரேட்டர் போய்விட்டால் நியூட்ரான்களின் வேகம் அடங்காது. தொடர்வினை தானாக நின்றுவிடும். பின்னால் வந்த உலைகளில் கட்டுப்பாட்டுத் தண்டுகளை வைத்து வேறு வழிகள் வந்துவிட்டன.

இப்படி ஒரு யூனிட்டை நிரப்ப இரண்டு சுற்றுக்கும் சேர்த்து 200 டன்னுக்கு மேல் கனநீர் வேண்டும். தூய்மை 99.75 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. நம்ம லாரிக் கணக்கில் சொன்னால், 200 டன்னுக்கு சுமார் 96,000 லாரித் தண்ணீர். அதுவும் ஒவ்வொரு லாரியிலும் உள்ள டியூட்டீரியத்தை ஒரு அணுகூட விடாமல் எடுத்தால். நடைமுறையில் ஐந்தில் ஒரு பங்கு எடுப்பதே பெரிய விஷயம் என்பதால், ஐந்தால் பெருக்கிக்கொள்ளுங்க.

பிரிப்பதுதான் பாடு

கொதிக்கவைத்துப் பிரிக்கலாமே என்று தோன்றும். கொதிநிலை வித்தியாசம் 1.4 டிகிரிதான். முடியும், ஆனால் இவ்வளவு நீர்த்த நிலையிலிருந்து ஆரம்பித்தால் நீராவிக்கு ஆகும் செலவு கட்டுப்படியாகாது. மின்பகுப்பு செய்தால் சாதாரண ஹைட்ரஜன் முந்திக்கொண்டு வாயுவாகிவிடும், கனமானது தங்கும். இது நன்றாக வேலை செய்யும்; ஆனால் மின்சாரம் ஏராளமாக, மலிவாக இருக்கணும். நார்வேயின் வெமோர்க்கில் நீர்மின்சாரத்தை வைத்து உரத்துக்காக ஹைட்ரஜன் தயாரித்த ஆலையில் கனநீர் உபபொருளாகக் கிடைத்தது அப்படித்தான். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர் கையில் அது சிக்கக் கூடாது என்று 1943 பிப்ரவரியில் நார்வே வீரர்கள் பனியில் சறுக்கிப் போய் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். சினிமாவாகவே வந்துவிட்ட கதை என்பதால் இங்கே விரிக்கவில்லை. இந்தியாவின் முதல் கனநீர் ஆலையும் இந்த வழியில்தான் தொடங்கியது: 1962ல் பஞ்சாபின் நங்கலில், பக்ரா அணையின் மின்சாரத்தில், உர ஆலையோடு ஒட்டி. ஆண்டுக்கு 14 டன் அதன் திறன். அந்த வேகத்தில் கல்பாக்கத்தின் ஒரு யூனிட்டை நிரப்ப பதினைந்து வருஷம் ஆகியிருக்கும்.

பெரிய அளவில் செய்ய வேதியியல் பரிமாற்றம்தான் கைகொடுத்தது. ஹைட்ரஜன் சல்ஃபைடு முறையைப் பாருங்க. மாம்பலம் கால்வாய் ஓரமாக நடந்தால் மூக்கைத் துளைக்கும் அழுகிய முட்டை வாசனை இருக்கே, அதில் இந்த வாயுவுக்கும் பங்கு உண்டு. தண்ணீரும் இந்த வாயுவும் உரசிக்கொண்டு போனால் தங்களுக்குள் ஹைட்ரஜனை மாற்றிக்கொள்ளும். 30 டிகிரியில் டியூட்டீரியம் தண்ணீரில் இருக்க அதிகம் விரும்பும். 130 டிகிரியில் அந்த விருப்பம் குறைந்து, கொஞ்சம் வாயுப் பக்கம் நகரும். வெயில் ஏறினால் ரங்கநாதன் தெருவிலிருந்து சில பேர் ஏசி கடைக்குள் ஒதுங்குவதும், சாயங்காலம் திரும்பத் தெருவுக்கு வருவதும் போல. ஒரு தடவையில் நடக்கும் மாற்றம் சொற்பம். அதனால் மேலே குளிர்ந்த கோபுரம், கீழே சூடான கோபுரம் என்று வைத்து, தண்ணீரை மேலிருந்து விழவிட்டு, வாயுவைக் கீழிருந்து ஏற்றிச் சுழலவிடுவார்கள். சூட்டில் வாயு ஏற்றிக்கொண்டு வருவதைக் குளிரில் தண்ணீரிடம் கொடுக்கும். இரண்டு கோபுரத்துக்கும் நடுவில் டியூட்டீரியம் சேர்ந்துகொண்டே போகும். அங்கிருந்து எடுத்து அடுத்த கட்டத்துக்கு அனுப்புவார்கள். கடைசிச் சுத்திகரிப்புக்கு மட்டும் வெற்றிடத்தில் காய்ச்சி வடித்தல். கோதாவரிப் பக்கம் மணுகூரு, ராஜஸ்தானில் கோட்டா ஆலைகள் இந்த முறை. வாயு கொடிய விஷம் என்பதால் கசிவுக்குப் பயந்து பயந்துதான் ஓட்ட வேண்டும்.

தமிழ்நாட்டின் பங்கு தூத்துக்குடியில். அங்கே முறை வேறு. ஸ்பிக் உர ஆலையில் அம்மோனியா தயாரிக்க ஹைட்ரஜனும் நைட்ரஜனும் கலந்த வாயு எப்படியும் டன் கணக்கில் ஓடும். அந்த ஹைட்ரஜனிலும் டியூட்டீரியம் இருக்குமே! அம்மோனியா ஆகும் முன்னால் அந்த வாயுவைப் பக்கத்து ஆலைக்குள் ஒரு சுற்று விட்டு, அதிலுள்ள டியூட்டீரியத்தைத் திரவ அம்மோனியாவுக்கு மாற்றி எடுத்துக்கொண்டு, வாயுவைத் திருப்பிக் கொடுத்துவிடுவது. உரக்காரர்களுக்கு நஷ்டமில்லை, கனநீர்க்காரர்களுக்குத் தனியாக மூலப்பொருள் வேண்டாம். பிரெஞ்சுத் தொழில்நுட்பம், 1978ல் தொடங்கியது. பரோடாவிலும் இதே வகை.

காகிதத்தில் அருமையான யோசனை. நடைமுறையில்? அழுத்தம் 200 வளிமண்டலம் அளவில், வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே, வினையூக்கியோ தண்ணீர் பட்டாலே கெட்டுப்போகும் பொட்டாசியம் அமைடு. இதைவிடப் பெரிய தலைவலி வேறு: உர ஆலை நின்றால் கனநீர் ஆலையும் நிற்கும். உர ஆலையில் கரண்ட் கட், ரிப்பேர், மூலப்பொருள் தட்டுப்பாடு எது வந்தாலும் இங்கே கோபுரங்கள் காலி. மறுபடியும் ஓட்டிச் சமநிலைக்குக் கொண்டுவரவே நாளாகும். பரோடா ஆலை தொடங்கிய 1977லேயே அங்கே வெடிவிபத்து நடந்து வேலை நின்றுபோனது. வெளிநாட்டு யுரேனியத்தை நம்பக் கூடாது என்று தேர்ந்தெடுத்த உலை, கடைசியில் உள்ளூர் உர ஆலையின் மூச்சை நம்பி நின்றது. கல்பாக்கத்தின் இரண்டு வருஷக் காத்திருப்புக்குப் பின்னால் இருப்பது இதுதான்.

வாங்கியிருக்கலாமே?

காசு கொடுத்து வெளிநாட்டில் வாங்கியிருக்கலாமே என்ற கேள்வி நியாயமானது. 1974 மே மாதத்துக்கு முன்னால் என்றால் வாங்கியிருக்கலாம். டிராம்பேயில் கனடா கட்டிக்கொடுத்த சைரஸ் ஆய்வு உலைக்குக் கனநீர் தந்தது அமெரிக்கா. அந்த உலையில் உண்டான புளூட்டோனியம்தான் 1974ல் பொக்ரானில் வெடித்தது. அத்தோடு கனடா கையைக் கழுவிக்கொண்டது. ராஜஸ்தானில் பாதியில் நின்ற இரண்டாவது உலையை இந்தியா தானே முடிக்க வேண்டியதாயிற்று. அந்த ராஜஸ்தான் நிலையத்துக்கு சோவியத் யூனியன் கனநீர் தந்தது, ஆனால் சர்வதேசக் கண்காணிப்புக்கு ஒத்துக்கொண்ட பிறகுதான்.

கல்பாக்கத்தில் இந்தியா அந்தக் கண்காணிப்பை விரும்பவில்லை. முழுக்க நம்ம ஆட்கள் கட்டியது, யாரும் வந்து எட்டிப் பார்க்கத் தேவையில்லை என்ற நிலைப்பாடு. அப்படியென்றால் வாங்கும் கனநீருக்கும் நிபந்தனை இருக்கக் கூடாது. நிபந்தனையில்லாமல் விற்க யாரும் தயாராக இல்லை. 1983ல் உலை ஓட ஆரம்பித்ததும் வெளிநாட்டில் வேறு கேள்வி கிளம்பியது. இந்திய ஆலைகளின் உற்பத்தியைக் கூட்டிப் பார்த்தால் இவ்வளவு கனநீர் வர வழியில்லையே, எங்கிருந்து வந்தது என்று அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் காரி மில்ஹோலின் 1986ல் எழுதினார். உள்நாட்டுத் தயாரிப்புதான் என்றது இந்தியா. மின்சாரம் தயாரிக்கும் ஒரு நிலையத்தின் தண்ணீர்க் கணக்கு நாடுகளுக்கு இடையே தகராறு ஆனது என்பதை மட்டும் கவனியுங்க. இயற்கை யுரேனியமும் கனநீரும் சேர்ந்தால் மின்சாரத்தோடு புளூட்டோனியமும் வரும். தகராறின் வேர் அங்கேதான்.

கசிந்தால்

கனநீர் எரிபொருள் இல்லை, செலவாகாது. ஒருமுறை நிரப்பினால் கசிவுக்கு ஈடு மட்டும் கொடுத்தால் போதும். ஆனால் உலைக்குள் வருஷக்கணக்கில் இருந்தால் அது பழைய கனநீராக இருக்காது. நியூட்ரானை விழுங்குவது அரிது என்று சொன்னேனே தவிர, விழுங்கவே விழுங்காது என்று சொல்லவில்லை. விழுங்கிய டியூட்டீரியம் டிரிட்டியம் ஆகிறது. அது கதிரியக்கம் உடையது. அரை ஆயுள் 12.3 வருஷம்.

டிரிட்டியத்தின் கதிர் பலவீனமானது, தோலைக்கூடத் துளைக்காது. ஆனால் அது தண்ணீராகவே இருப்பதால் மூச்சுக்காற்றின் ஈரத்தோடும் தோல் வழியாகவும் உடம்புக்குள் போய், உடம்புத் தண்ணீரோடு கலந்துவிடும். அதனால் இந்த வகை நிலையங்களில் வேலை பார்ப்பவர்கள் சிறுநீர் மாதிரி கொடுத்துப் பரிசோதிப்பது வழக்கமான நடைமுறை. உள்ளே போனதில் பாதி சுமார் பத்து நாளில் வெளியேறிவிடும். நிறைய நீராகாரம் குடித்தால் இன்னும் சீக்கிரம். 1999 மார்ச் 26 அன்று கல்பாக்கத்தின் இரண்டாவது யூனிட்டில் டன் கணக்கில் கனநீர் கொட்டியது. தொழிலாளர்கள் உள்ளே இறங்கித்தான் அதை அடைத்தார்கள். அனுமதித்த அளவைத் தாண்டி யாருக்கும் கதிர்வீச்சு இல்லை என்றது நிர்வாகம். உள்ளே இறங்கியவர்கள் வாங்கியது சாதாரண நாளில் வாங்குவதைவிட அதிகம்தானே என்றார்கள் விமர்சகர்கள். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். நம்ம துறையில் படிக்கிறவர்கள் "அனுமதித்த அளவு" என்ற சொல்லைக் கேட்டதும் அடுத்த கேள்வியைக் கேட்கப் பழகணும்: யாருக்கு, எவ்வளவு நேரத்தில்?

கொட்டியதைச் சும்மா விடுவதும் இல்லை. கட்டடத்தின் காற்றை உலர்த்திகள் வழியாக அனுப்பி, அதில் கலந்த ஈரத்தைக்கூடப் பிடித்து, சாதாரணத் தண்ணீர் கலந்துவிட்டால் அதை மீண்டும் காய்ச்சி வடித்துத் தூய்மையாக்கி உலைக்கே திருப்பிவிடுவார்கள்.

இணைவு பற்றிக் கொஞ்சம்

டியூட்டீரியம் என்றாலே யூடியூபில் வருவது அணுக்கரு இணைவுதான். ஒரு லிட்டர் கடல்நீரில் உள்ள டியூட்டீரியம் முழுதும் இணைந்தால் 300 லிட்டர் பெட்ரோலுக்கு மேல் ஆற்றல் வரும் என்பார்கள். கணக்குச் சரிதான், நானும் போட்டுப் பார்த்தேன். ஆனால் அது டியூட்டீரியமும் டியூட்டீரியமும் சேர்ந்து கடைசிவரை எரிந்தால். பிரான்சில் இந்தியாவும் பங்காளியாகக் கட்டிவரும் ஐட்டர் உலை குறிவைப்பது டியூட்டீரியமும் டிரிட்டியமும் சேரும் வினையை. அதுதான் குறைந்த வெப்பநிலையில் நடக்கும். குறைந்தது என்றாலும் பத்து கோடி டிகிரிக்கு மேல். டியூட்டீரியத்துக்குக் கடல் இருக்கு, டிரிட்டியத்துக்கு இயற்கையில் சுரங்கம் கிடையாது. இன்றைக்கு உலகத்தில் அது கணிசமாகக் கிடைக்கும் இடம் கனடாவின் கனநீர் உலைகள்தான். கல்பாக்கத்தில் சிறுநீர்ப் பரிசோதனை வைத்துத் துரத்தும் அதே டிரிட்டியம், இணைவுக்காரர்களுக்குக் கிராம் கணக்கில் எண்ணி வாங்கும் சரக்கு.

காத்திருந்த காலம் முடிந்து பல வருஷம் ஆகிவிட்டது. 1985க்குப் பிறகு கோட்டா, மணுகூரு, மகாராஷ்டிரத்தில் தால், குஜராத்தில் ஹசிரா என்று ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓட ஆரம்பித்தன. இப்போது இந்தியா தன் உலைகளுக்குப் போக மீதியைத் தென் கொரியாவுக்கும் அமெரிக்காவுக்கும் விற்றிருக்கிறது. ஒரு காலத்தில் நிபந்தனையில்லாமல் ஒரு டன்கூடத் தர மறுத்த சந்தை அது! என்.எம்.ஆர். கருவிக்கான கரைப்பான்கள், ஆப்டிகல் ஃபைபர், மருந்து என்று அணுசக்திக்கு வெளியிலும் தேவை கூடுகிறது. மருந்து மூலக்கூறில் ஒரு ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியத்தை வைத்தால் கல்லீரல் அதை உடைக்க அதிக நேரம் எடுக்கும். அப்படிச் செய்த முதல் மருந்துக்கு அமெரிக்காவில் 2017ல் அனுமதி கிடைத்தது.

கல்பாக்கத்தில் இன்னொரு வேலையும் நடந்தது. அணுமின் நிலையத்தின் நீராவியைக் கொஞ்சம் எடுத்து, பாபா அணு ஆராய்ச்சி மையம் அங்கே ஒரு கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை கட்டியது. காய்ச்சி வடிக்கும் பகுதியும் ஆர்.ஓ. பகுதியும் சேர்ந்து நாளைக்கு 63 லட்சம் லிட்டர் அதன் திறன். உப்பெல்லாம் போய்விடும். டியூட்டீரியம் மட்டும் 6,400க்கு ஒன்று என்ற கணக்கில் ஏறத்தாழ அப்படியே இருக்கும், உங்க ஹாஸ்டல் கேனில் இருப்பதைப் போல.